விதியும் தன்னிச்சையும்: மனத்தைப் பற்றி இயற்பியல் சொல்வதும் சொல்லாததும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "மூளையும் அணுக்களால் ஆனதுதான். அணுக்கள் இயற்பியல் விதிகளின்படிதான் இயங்கும். அப்படியானால் நான் எடுக்கும் முடிவு என்னுடையது என்று எப்படிச் சொல்வது? குவாண்டம் இயற்பியல் வந்தபின் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்றும், பிரக்ஞைதான் உலகத்தை உண்டாக்குகிறது என்று விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றும் சொல்கிறார்களே, உண்மையா?"

கடைசிப் பகுதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். விஞ்ஞானிகள் அப்படி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. எப்படி அந்தப் பேச்சு வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதல் பகுதிதான் உண்மையிலேயே கடினமானது. அதில் இயற்பியல் நம்மை இடறுவதைவிட நம் சொற்களே அதிகம் இடறுகின்றன.

கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில், நியூட்டனின் இரண்டாம் விதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் கடைசி வரிசையிலிருந்து யாராவது ஒருவன் "எல்லாம் விதிதானே சார்" என்பான். வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தச் சிலேடையை நாம் அனைவருமே நம்மையறியாமல் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தலையெழுத்துக்கும் தமிழில் விதி என்றே பெயர், கல் விழும் கணக்குக்கும் விதி என்றே பெயர். இரண்டும் முற்றிலும் வேறானவை.

பரீட்சித்து மன்னனின் கதையை நினைத்துப் பாருங்கள். ஏழு நாளில் பாம்பு கடித்துச் சாவாய் என்று சாபம். மன்னன் யாரும் நெருங்க முடியாத மாளிகை கட்டிக் காவல் போடுகிறான். பழத்துக்குள் புழுவாக நுழைந்து வருகிறான் தட்சகன். மன்னன் என்ன செய்தாலும் முடிவு ஒன்றுதான். அவன் செயலுக்கும் முடிவுக்கும் தொடர்பே இல்லை. தலைவிதி என்பது அதுதான். இயற்பியலின் விதி இதற்கு நேர் எதிரானது. அதில் முடிவு முழுக்க முழுக்க முன்னால் நடந்தவற்றைப் பொறுத்தது. பழத்தை வாங்காமல் திருப்பி அனுப்பியிருந்தால் கடி இல்லை. நீங்கள் யோசித்தது, தயங்கியது, மனத்தை மாற்றிக்கொண்டது எல்லாம் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். ஆகவே "எல்லாம் விதிப்படி நடக்கிறது, நான் யோசித்து என்ன ஆகப்போகிறது" என்று இயற்பியலைச் சாட்சிக்கு அழைத்தால், அது உங்கள் பக்கம் சாட்சி சொல்லாது.

இன்னொரு சொல் தன்னிச்சை. ஒருவர் யாரையும் கேட்காமல் தன் விருப்பப்படி முடிவெடுத்தால் அதைத் தன்னிச்சையாகச் செய்தார் என்கிறோம். கதிரியக்க அணு தன்னிச்சையாகச் சிதைகிறது என்றும் எழுதுகிறோம். அணுவுக்கு ஏது இச்சை? காரணமின்றி, எதேச்சையாக நடப்பதற்கும், விரும்பிச் செய்வதற்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டோம். சுதந்திர மனம் பற்றிய விவாதங்களில் பாதி முதல் சொல்லின் குழப்பத்தில் தொடங்கி இரண்டாம் சொல்லின் குழப்பத்தில் முடிகின்றன.

இயற்பியல் பக்கம் வருவோம். எல்லாம் முன்னரே நிர்ணயிக்கப்பட்டது என்ற கருத்தின் புகழ்பெற்ற வடிவம் 1814இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் எழுதியது. ஒரு கணத்தில் உலகின் ஒவ்வொரு துகளின் இடத்தையும் அதன்மேல் செயல்படும் விசைகளையும் அறிந்த பேரறிவு ஒன்று இருந்தால், அதற்கு எதிர்காலமும் கடந்த காலமும் கண்முன் விரிந்திருக்கும் என்றார். அவர் இதை எழுதியது நிகழ்தகவு பற்றிய நூலில் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நமக்கு அந்தப் பேரறிவு கிடையாது, அதனால்தான் நிகழ்தகவுக் கணக்கு தேவைப்படுகிறது என்பதே அவர் சொல்ல வந்தது. பிறகு புவான்காரே, 1963இல் எட்வர்ட் லொரென்ஸ் ஆகியோரின் ஆய்வுகள், தொடக்க நிலையில் மயிரிழை வேறுபாடு இருந்தாலும் விளைவு வெகுவாக மாறிவிடும் அமைப்புகள் இயற்கையில் ஏராளம் எனக் காட்டின. அது கணிப்பதற்கு உள்ள தடை மட்டுமே. நிர்ணயம் அப்படியே இருக்கிறது. வானிலையைக் கணிக்க முடியவில்லை என்பதால் மேகத்துக்குச் சுதந்திரம் வந்துவிடாது.

குவாண்டம் இயற்பியல் வேறு வகை. 1926இல் மாக்ஸ் போர்ன், ஒரு துகளின் நிலையை விவரிக்கும் கணித வடிவமான அலைச்சார்பு நமக்குத் தருவது நிகழ்தகவை மட்டுமே என்றார். அடுத்த ஆண்டு ஹைசன்பெர்க், ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக வரையறுக்க முடியாது என்று காட்டினார். லாப்லாஸின் பேரறிவுக்குத் தேவையான முதல் தகவலே கிடைக்காமல் போயிற்று. ஐன்ஸ்டைன் இதை ஏற்கவில்லை. இயற்கையின் ஆழத்தில் நமக்குத் தெரியாத காரணங்கள் ஒளிந்திருக்க வேண்டும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையைச் சோதிக்கும் வழியை 1964இல் ஜான் பெல் கண்டுபிடித்தார். ஒன்றோடொன்று பிணைந்த இரு துகள்களைத் தொலைவில் வைத்து அளந்தால், ஒளிந்திருக்கும் காரணங்கள் அந்தந்த இடத்தோடு நிற்பவை என்றால், அளவீடுகளின் ஒற்றுமை ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. 1972இல் கிளவுசர், 1982இல் அஸ்பே, 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் நடந்த சோதனை என அளந்து அளந்து பார்த்தார்கள். வரம்பு மீறப்பட்டது. கிளவுசர், அஸ்பே, இதே துறையில் சோதனைகள் செய்த சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு கிடைத்தது.

"அப்படியானால் உலகம் நிர்ணயிக்கப்படவில்லை என்று நிரூபணம் ஆகிவிட்டது" என்று இங்கே பலர் எழுந்து நிற்கிறார்கள். கொஞ்சம் உட்காருங்கள். டேவிட் போம் 1952இல் முன்வைத்த வடிவம் முழுக்க நிர்ணயிக்கப்பட்டது. தொலைவில் உள்ளவை ஒன்றையொன்று உடனுக்குடன் பாதிக்கும் என்பதை ஏற்றுக்கொள்வது மட்டுமே அதற்கான விலை. ஹியூ எவரெட் 1957இல் முன்வைத்த பல உலகங்கள் பார்வையும் நிர்ணயிக்கப்பட்டதே. இவை சோதனைச்சாலையில் ஒரே விடைகளைத் தருகின்றன. எனவே உலகத்தின் அடித்தளத்தில் எதேச்சை இருக்கிறதா என்பது இன்னும் முடியாத வழக்கு.

இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் உங்களுக்கு என்ன லாபம்? சராசரி எடையுள்ள ஒருவரின் உடலில் ஒவ்வொரு நொடியும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க அணுக்கள் சிதைகின்றன. வாழைப்பழத்திலும் கீரையிலும் உள்ள அதே பொட்டாசியம்தான். இந்த அணு சிதையும், பக்கத்து அணு சிதையாது என்பதற்கு எந்தக் காரணமும் கிடையாது. ஒரு நொடிக்கு நாலாயிரம் குவாண்டம் எதேச்சைகள் உங்களுக்குள்ளேயே நடக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது "நான் செய்தேன்" என்று உரிமை கோருவீர்களா? உங்கள் தலைக்குள் யாரோ தாயக்கட்டை உருட்டி, விழுந்த எண்ணின்படி உங்கள் கையைத் தூக்கினால், அது கட்டளைக்குக் கீழ்ப்படிந்து தூக்குவதைவிட எந்த விதத்தில் சுதந்திரம்? நிர்ணயம் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று வாதிடுபவர், எதேச்சை அதைத் திருப்பித் தருகிறது என்று வாதிட முடியாது.

அந்த எதேச்சை மூளையின் வேலையில் தலையிடுகிறதா என்பது தனிக் கேள்வி, சுவையானதும்கூட. ஓரளவு தலையிட முடியும் என்பதற்குக் கண்ணே சாட்சி. 1942இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் ஆகிய மூவர், இருட்டில் பழகிய மனிதக் கண்ணின் விழித்திரையில் ஐந்து முதல் ஏழு கோல் செல்கள் ஆளுக்கு ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, உறிஞ்சினாலே மனிதர் "ஒளி தெரிந்தது" என்று சொல்கிறார் எனக் காட்டினார்கள். ஒரு ஃபோட்டான் உறிஞ்சப்படுவதா இல்லையா என்பது குவாண்டம் நிகழ்வு. அது பெருகி, நரம்பு வழியே ஏறி, ஒரு மனிதரின் வாயில் "ஆம்" என்ற சொல்லாக வருகிறது. ஆக, அணு உலகின் சலனம் பிரக்ஞை வரை எட்டும். எட்டுவது வேறு, இயக்குவது வேறு.

இயக்குகிறது என்று சொன்னவர்களில் பெரிய பெயர் கணித இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ். எந்தக் கணித விதித்தொகுப்பிலும் அதனால் நிரூபிக்க முடியாத உண்மைகள் இருக்கும் என்ற கெடலின் தேற்றத்தை அடிப்படையாகக் கொண்டு, கணிதவியலாளரின் புரிதல் எந்தக் கணினி நிரலாலும் செய்ய முடியாத ஒன்று என்று வாதிட்டார். பிறகு மயக்கவியல் மருத்துவர் ஸ்டூவர்ட் ஹாமராஃபுடன் சேர்ந்து, நரம்பு செல்களுக்குள் இருக்கும் நுண்குழல்களில் குவாண்டம் நிலைகள் நீடித்து, ஈர்ப்பின் காரணமாகக் குலையும் கணமே பிரக்ஞையின் கணம் என்ற கருதுகோளை உருவாக்கினார். இயற்பியலாளர் மாக்ஸ் டெக்மார்க் 2000ஆம் ஆண்டில் கணக்குப் போட்டுப் பார்த்தார். உடல் வெப்பத்தில், ஈரமும் சலசலப்பும் நிறைந்த மூளைக்குள், இத்தகைய நிலை நொடியில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் கலைந்துவிடும் என்றார். நியூரான் ஒருமுறை துடிக்கவே ஆயிரத்தில் ஒரு நொடி ஆகும். ஹாமராஃப் தரப்பு மறுகணக்கு வெளியிட்டது, வாதம் நிற்கவில்லை. 2020இல் இத்தாலியின் கிரான் சாஸோ நிலத்தடி ஆய்வகத்தில் நடந்த சோதனை, ஈர்ப்பினால் குலைவது என்ற கருத்தின் மிக எளிய வடிவத்தை விலக்கியது. அதே ஆண்டு பென்ரோஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது, கருந்துளைகள் பற்றிய பணிக்காக. "நோபல் பெற்ற விஞ்ஞானி ஆன்மாவை நிரூபித்தார்" என்று சுற்றிவரும் செய்திகள் அந்தப் பரிசையும் இந்தக் கருதுகோளையும் ஒட்டித் தைத்தவை.

பிரக்ஞை உலகை உண்டாக்குகிறது என்ற பேச்சுக்கு வருகிறேன். குவாண்டம் பாடநூல்களில் "நோக்குநர்" என்று ஒருவர் வருவார். அவர் நோக்கியதும் அலைச்சார்பு ஒரு விடையாகச் சுருங்கும். நோக்குநர் என்றதும் நாம் கண்ணும் மனமும் உள்ள ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்கிறோம். இந்தக் கற்பனைக்கு ஒரு மதிப்புக்குரிய முன்னோடி உண்டு. இயற்பியலாளர் யூஜின் விக்னர் 1961இல் எழுதிய கட்டுரையில், அளவீட்டை முடித்து வைப்பது மனிதப் பிரக்ஞையே என்று வாதிட்டார். ஆனால் 1970இல் டீட்டர் ஸே, சூழலோடு ஏற்படும் உறவே குவாண்டம் நிலைகளைக் கலைத்துவிடுகிறது என்று காட்டினார். அதற்குப் பிறகு விக்னரே தம் கருத்தைக் கைவிட்டார். கைவிட்டதை யாரும் பரப்புவதில்லை.

இந்தக் கலைவை நேரடியாகக் காட்டிய சோதனைதான் எனக்கு மிகப் பிடித்தது. வியன்னாவில் 2004இல், 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை நுண்ணிய கிராதிகள் வழியாக அனுப்பினார்கள். அலைகளைப் போல அவை குறுக்கீட்டு வரிகளை உண்டாக்கின. பிறகு அதே மூலக்கூறுகளை லேசரால் சூடேற்றினார்கள். சூடு ஏற ஏற வரிகள் மங்கி மறைந்தன. காரணம், சூடான மூலக்கூறு போகும் வழியில் ஒளியை உமிழ்கிறது. அந்த ஒளி அது எந்தப் பாதையில் போயிற்று என்ற தகவலைச் சுற்றுப்புறத்தில் சிந்திவிடுகிறது. அந்த ஒளியை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடிய தகவல் வெளியே போனதே போதுமாக இருந்தது. நோக்குநரின் வேலையை ஒரு வெற்றுச் சுவர் செய்துவிடுகிறது.

ஆக, குவாண்டம் வழியாகச் சுதந்திரத்தைக் கொண்டுவருவதும் பலிக்கவில்லை, பிரக்ஞையைச் சிங்காசனத்தில் ஏற்றுவதும் பலிக்கவில்லை. ஆனால் எதிர்த் தரப்பு, அதாவது சுதந்திரம் வெறும் மாயை என்று சோதனைச்சாலையில் நிரூபித்துவிட்டோம் என்பவர்கள், இன்னும் அவசரக்காரர்கள். அவர்களுடைய ஆயுதம் நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட ஆய்வு. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கை அசைவுக்கு முன்பே மூளையில் மெல்ல ஒரு மின்னழுத்தம் எழுவதை 1965இல் கோர்ன்ஹூபர், டீக்கே என்ற இரு ஜெர்மானியர்கள் கண்டிருந்தார்கள். லிபெட் ஒரு கேள்வியைச் சேர்த்தார்: அசைக்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது வருகிறது? ஆய்வுக்கு வந்தவர்கள் 2.56 நொடிக்கு ஒரு சுற்று ஓடும் ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தோன்றும்போது மணிக்கட்டை அசைக்க வேண்டும். அசைக்க வேண்டும் என்ற உந்துதல் வந்த கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்ல வேண்டும். உந்துதல் அசைவுக்குச் சுமார் 200 மில்லிநொடி முன்னால் வந்ததாகச் சொன்னார்கள். மூளையின் மின்னழுத்தமோ சுமார் 550 மில்லிநொடி முன்னாலேயே எழத் தொடங்கியிருந்தது. "நீங்கள் முடிவெடுப்பதற்கு முன் மூளை முடிவெடுத்துவிட்டது" என்று உலகம் முழுக்கத் தலைப்புகள் வந்தன. 2008இல் ஹேய்ன்ஸ் குழுவினர், இடதா வலதா எந்தப் பொத்தானை அழுத்துவார் என்பதைச் சில நொடிகள் முன்கூட்டியே மூளை ஸ்கேனிலிருந்து கணித்தார்கள். துல்லியம் சுமார் 60 விழுக்காடு. காசைச் சுண்டினாலே 50 வரும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

இந்தக் கதையின் அடித்தளத்தை 2012இல் ஆரோன் ஷூர்கர் குழுவினர் அசைத்தார்கள். நிரம்பும் தறுவாயில் இருக்கும் ஓர் ஏரியை எண்ணிக்கொள்ளுங்கள். காற்றில் அலை ஏறி இறங்குகிறது. அவ்வப்போது ஓர் அலை கலிங்கைத் தாண்டி வழிகிறது. வழிந்த கணங்களை மட்டும் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் முந்தைய ஒரு நிமிடத்தின் நீர்மட்டத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் என்ன தெரியும்? வழிவதற்கு முன் நீர்மட்டம் மெல்ல மெல்ல உயர்வதாகத் தெரியும். ஏரி முன்கூட்டியே "வழிவேன்" என்று முடிவெடுத்தது போலத் தோன்றும். உண்மையில் வழிந்த தருணங்களை மட்டும் தேர்ந்தெடுத்ததன் விளைவு அது. மூளையிலும் எப்போதும் இப்படி ஓர் இரைச்சல் ஏறி இறங்குகிறது. எப்போது வேண்டுமானாலும் அசைக்கலாம், காரணம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்த இரைச்சலின் ஓர் ஏற்றம் எல்லையைத் தாண்டும்போது கை அசைகிறது. லிபெட் கண்ட மெல்லிய எழுச்சி பெரும்பாலும் சராசரியின் நிழல்.

அதைவிட முக்கியமானது 2019இல் உரி மாவோஸ் குழுவினர் செய்தது. இரண்டு தொண்டு நிறுவனங்களில் எதற்கு 1,000 டாலர் நன்கொடை போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சில சுற்றுகளில் தேர்வு உண்மையிலேயே விளைவைத் தீர்மானிக்கும். சில சுற்றுகளில் எதை அழுத்தினாலும் இரண்டுக்கும் சம பங்கு. விளைவில்லாத தேர்வில் அந்த மின்னழுத்தம் வழக்கம்போல் எழுந்தது. யோசித்துச் செய்த தேர்வில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மணிக்கட்டு அசைவை வைத்து மனித சுதந்திரத்துக்கு இரங்கற்பா பாடினார்கள். மகளின் திருமணத்துக்குச் சம்மதிப்பதும், வேலையை விடுவதும், வழக்கில் சாட்சி சொல்வதும் மணிக்கட்டு அசைவைப் போன்றவை என்று யார் சொன்னது?

அப்படியானால் சுதந்திரம் என்றால் என்ன? என் பதிலை ஒரு நோயாளியை வைத்துச் சொல்கிறேன். பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் சில மருந்துகள், மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைன் வேலை செய்யும் அதே ஏற்பிகளைத் தூண்டுபவை. இவற்றை உட்கொண்ட சிலர், அதுவரை சீட்டுக்கட்டைத் தொடாதவர்கள், சூதாட்டத்தில் சேமிப்பை எல்லாம் இழந்தார்கள். சிலர் வாங்கிக் குவித்தார்கள், சிலர் அளவின்றித் தின்றார்கள். 3,090 நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், இந்த மருந்து எடுப்பவர்களில் 17 விழுக்காட்டினருக்கு இத்தகைய கட்டுப்படுத்த முடியாத பழக்கங்கள் இருந்தன. எடுக்காதவர்களில் அது 7 விழுக்காடுதான். மருந்தைக் குறைத்தால் அல்லது மாற்றினால் பெரும்பாலும் பழக்கம் விலகுகிறது. "அப்போது என்னை நானே தடுக்க முடியவில்லை" என்று அவர்கள் சொன்னால் நாம் நம்புகிறோம், குடும்பமும் மன்னிக்கிறது.

மருந்துக்கு முன்பும், மருந்தின்போதும், பின்பும் அந்த மூளையின் சுமார் 8,600 கோடி நியூரான்களும் ஒரே இயற்பியலுக்குத்தான் கட்டுப்பட்டிருந்தன. சுதந்திரம் என்பது விதிகளுக்கு வெளியே நிற்பது என்றால், மூன்று நிலைகளிலும் அவருக்குச் சுதந்திரம் இல்லை, பேச்சு முடிந்தது. ஆனால் நமக்கு வேறுபாடு தெரிகிறது, மருத்துவருக்கும் தெரிகிறது. ஒரு நிலையில் அவருடைய மூளை காரணங்களைக் கேட்கிறது: கடன் இருக்கிறது, மனைவி அழுகிறாள், நேற்றுத் தோற்றோம், வேண்டாம் என்கிறது. இன்னொரு நிலையில் அதே காரணங்கள் காதில் விழுந்தும் கைக்குப் போய்ச் சேர்வதில்லை. நாம் சுதந்திரம் என்று அன்றாடம் சொல்வது, காரணங்களைக் கேட்டுத் தன்னை மாற்றிக்கொள்ளும் இந்தத் திறனைத்தான். அது கூடும், குறையும், தூக்கமின்மையிலும் போதையிலும் தேயும், பழக்கத்தால் வளரும். ஒருவருக்கு இருக்கிறதா இல்லையா என்று ஒரே வரியில் விடை சொல்லும் பொருள் அன்று. இந்தத் திறனுக்கு விதிகள் பகை அல்ல. விதிகள் நம்பகமாக இல்லாவிட்டால் நேற்று எடுத்த தீர்மானம் இன்று கையை எட்டாது.

இதை ஏற்காதவர்கள் உண்டு. "கடைசியில் அந்த மூளை அப்படி அமைந்ததற்கு அவர் பொறுப்பில்லையே" என்பார்கள். சரிதான். தன்னைத் தானே அடி முதல் நுனி வரை படைத்துக்கொள்ளும் சுதந்திரம் யாருக்கும் கிடையாது. அதை இயற்பியல் பறிக்கவில்லை. அது எந்த உலகத்திலும் இருக்க முடியாதது. தண்டனை என்ற பெயரில் நாம் பழிவாங்குவதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்ற கேள்வியை அவர்கள் எழுப்பும்போது மட்டும் நான் வாயடைத்துப் போகிறேன்.

பிரக்ஞையின் கதை வேறு. இங்கே நான் மேலே காட்டிய தைரியம் எனக்கு இல்லை. மூளை எப்படிக் காரணங்களைக் கேட்கிறது, நினைவில் வைக்கிறது, பேசுகிறது என்பதெல்லாம் கடினமான ஆனால் வழக்கமான அறிவியல். பல்வலி வலிப்பது ஏன் என்பது வழக்கமானதாகத் தெரியவில்லை. நரம்பில் அயனிகள் ஓடுகின்றன, சரி. அந்த ஓட்டம் உள்ளே ஒருவருக்கு வலியாக இருக்க வேண்டிய அவசியம் என்ன? தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 1990களில் இதற்குக் கடினச் சிக்கல் என்று பெயரிட்டார். 1998இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில், நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் கோக் அவருடன் பந்தயம் கட்டினார்: இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் பிரக்ஞைக்கான தெளிவான மூளைத் தடயம் கிடைத்துவிடும் என்று. 2023 ஜூனில் நியூயார்க்கில் கோக் மேடையேறித் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு பெட்டி ஒயினைக் கொடுத்தார். பந்தயம் தடயத்தைப் பற்றியதுதான். விளக்கத்தைப் பற்றியதுகூட அல்ல.

இயற்பியல் இதில் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு 1920களிலேயே வானியற்பியலாளர் எடிங்டனும் தத்துவவாதி ரஸ்ஸலும் ஒரு காரணம் சொன்னார்கள். இயற்பியல் சொல்வதெல்லாம் ஒன்று மற்றொன்றோடு எப்படி உறவாடுகிறது என்பதைத்தான். மின்னூட்டம் என்றால் என்ன? மற்ற மின்னூட்டங்களை இப்படித் தள்ளுவது, இப்படி இழுப்பது. தள்ளாமல் இழுக்காமல் அது தன்னளவில் என்னவாக இருக்கிறது என்று எந்தச் சமன்பாடும் சொல்வதில்லை. பொருளைத் தன்னளவில் உள்ளிருந்து நாம் அறியும் ஒரே இடம் நம் சொந்த அனுபவம் என்றார்கள். இதை வைத்து அணுவுக்கும் துளி உணர்வு உண்டு என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். எனக்கு அது தாவல் என்றே படுகிறது. கேள்வி மட்டும் நிற்கிறது.

உபநிடதங்களை இங்கே இழுக்காமல் இருக்க முடியாது, இழுத்தவர் குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷ்ரோடிங்கரே. 1943 பிப்ரவரியில் டப்ளினில் உயிர் என்றால் என்ன என்ற தலைப்பில் உரையாற்றினார். மறுஆண்டு அது நூலாக வந்தபோது, நிர்ணயம், சுதந்திர மனம் பற்றி ஒரு பின்னுரை சேர்த்தார். என் உடல் இயற்கை விதிகளின்படி இயங்கும் இயந்திரம். ஆனாலும் அதை நான் இயக்குகிறேன் என்பதை நேரடியாக அறிகிறேன். அப்படியானால் அணுக்களின் இயக்கத்தை ஆளும் அந்த ஒன்றே நான் என்றார். ஆத்மாவே பிரம்மம் என்ற உபநிடத வாக்கை அங்கே வைத்தார். இதைக் குவாண்டமும் வேதாந்தமும் கைகுலுக்கிய காட்சியாக நம்மவர்கள் கொண்டாடுகிறார்கள். அதே பின்னுரையில் அவர், உடலின் இந்த நிகழ்வுகளில் குவாண்டம் எதேச்சைக்கு உயிரியல் ரீதியாகப் பொருட்படுத்தத்தக்க பங்கு இல்லை என்றும் இயற்பியலாளர்களுக்கு அழுத்திச் சொல்கிறார், மரபணுத் திடீர் மாற்றம் போன்ற சிலவற்றை மட்டும் விலக்கி. அவர் வேதாந்தத்துக்கு வந்தது குவாண்டம் வாசல் வழியாக அல்ல. அவர் போன வழியில் நான் போகமாட்டேன்; ஆனால் எங்கிருந்து புறப்பட்டார் என்பதையாவது சரியாகச் சொல்ல வேண்டும்.

சார்பியல் பற்றியும் ஒரு வார்த்தை. ஐன்ஸ்டைனின் கோட்பாட்டில் உலகம் முழுமைக்குமான பொதுவான "இப்போது" கிடையாது. அதனால் காலம் முழுவதும் விரித்த பாயைப் போல ஏற்கெனவே கிடக்கிறது என்று பலர் கருதுகிறார்கள். 1955 மார்ச்சில், நண்பர் பெஸ்ஸோ இறந்தபோது அவர் குடும்பத்துக்கு எழுதிய கடிதத்தில், கடந்தது, நிகழ்வது, வருவது என்ற பிரிவு விடாப்பிடியான ஒரு மாயை என்று ஐன்ஸ்டைனே எழுதினார். நாளை நான் செய்யப்போவது பாயில் ஏற்கெனவே நெய்யப்பட்டிருக்கலாம். அது அங்கே இருப்பது நான் அதைச் செய்வதால்தான். அதை என் கைக்கு மாறாக வேறு யாரும் அங்கே நெய்துவைக்கவில்லை.

கடைசியாக ஒரு வேடிக்கை. பெல் சோதனைகளுக்குள்ளேயே சுதந்திரம் ஒரு நிபந்தனையாக ஒளிந்திருக்கிறது. துகளை எந்தத் திசையில் அளப்பது என்று ஆய்வாளர் எடுக்கும் முடிவும், துகளின் நிலையும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று எடுத்துக்கொண்டால்தான் முடிவு செல்லும். பெருவெடிப்பிலிருந்தே இரண்டும் ஒத்துப்போகும்படி ஏற்பாடாகியிருந்தால்? அந்த ஓட்டையைச் சுருக்க, 2016 நவம்பர் 30 அன்று உலகெங்கும் ஒரு லட்சம் பேரை இணையத்தில் 0, 1 என்று தோன்றியபடி அழுத்தச் சொன்னார்கள். கிடைத்த 9 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமான தேர்வுகள் ஐந்து கண்டங்களில் இருந்த ஆய்வகங்களுக்குப் போய், அளவீடுகளைத் தீர்மானித்தன. மனிதர்கள் எதேச்சையாகத் தேர்வதில் மோசமானவர்கள். ஒரே எண்ணைத் தொடர்ந்து அழுத்த நமக்குக் கூச்சம். அழுத்திய விரல்களும் அவற்றை அசைத்த மூளைகளும் எந்த விதியையும் மீறவில்லை. ஆய்வகத்தில் இருந்த துகளுக்கு அடுத்து என்ன அழுத்தப்படும் என்பது தெரிந்திருக்கக் கூடாது, அவ்வளவே தேவைப்பட்டது. வரம்பு அன்றும் மீறப்பட்டது.